மேடை இசைக்கு முதுகெலும்பு: 'ரிதம் செக்‌ஷன்' குறிப்புகளை எழுதுவது எப்படி?

திருமண விருந்து, ஆலயத் திருவிழா, தீபாவளி கலை இரவு என எந்த மேடையானாலும் ரசிகர்களின் கண் பாடகர் மீதே இருக்கும். ஆனால், பாடல் எடுபடுவதும் படுத்துவிடுவதும் அவருக்குப் பின்னால் இருக்கும் நால்வரின் கையில் உள்ளது. டிரம்ஸ், பேஸ் கிட்டார், கிட்டார், கீபோர்டு ஆகிய இந்த நான்கும் சேர்ந்ததே 'ரிதம் செக்‌ஷன்' எனப்படும் தாளப் பிரிவு.

உள்ளூர்க் கலைஞர்கள் பலர் பாடலைக் கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகியவர்கள். அது பெரிய திறமைதான். வழக்கமான டிரம்ஸ் கலைஞர் வர முடியாத நாளில்தான் சிக்கல். மாற்றாக வரும் மலாய் அல்லது சீனக் கலைஞருக்கு அந்தத் தமிழ்ப் பாடல் புதிது. ஒத்திகைக்கு ஒரு மாலைதான் இருக்கிறது. கையில் தெளிவான தாள் இருந்தால் அவர் வாசித்துவிடுவார். இல்லையென்றால், பதிவு செய்த இசையை ஒலிக்கவிட்டுப் பாடும் நிலை வரும். கலைஞர்களின் வாய்ப்பும் ஊதியமும் அத்தோடு போய்விடும்.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம்

வயலின், டிரம்பெட் போன்றவற்றுக்கு ஒவ்வொரு சுரத்தையும் எழுத வேண்டும். தாளப் பிரிவுக்கு அப்படியல்ல. ஒவ்வொரு 'பாருக்கும்' கார்டின் பெயர், அடிகளைக் காட்டும் சாய்கோடுகள், பாடலின் வேகம், பாணி ஆகியவை போதும். மற்றதைக் கலைஞரின் அனுபவம் நிரப்பும்.

டிரம்ஸ் தாளில் ஒவ்வொரு அடியையும் எழுதினால் அவர் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். வாசிப்பில் உயிர் இருக்காது. "மெதுவான 6/8", "போசா நோவா", "ஸ்விங்" என்று பாணியைச் சொல்லி, அது எத்தனை பார் நீடிக்கும் என்று குறித்தால் போதும். குழு முழுவதும் சேர்ந்து அழுத்தும் இடங்களையும் சட்டென நிற்கும் இடங்களையும் மட்டும் கோடுகளுக்கு மேலே துல்லியமாக எழுத வேண்டும்.

பேஸ் கிட்டாருக்குக் கார்டு பெயர்கள் அடிப்படை. பாடலின் அடையாளமே பேஸ் மெட்டுதான் என்றால் அதை முழுமையாக எழுதிவிட வேண்டும். டிரம்ஸின் 'பேஸ் டிரம்' விழும் இடமும் பேஸ் கிட்டாரின் முக்கியச் சுரமும் ஒன்றுசேர்ந்தால் பாடல் உறுதியாக நிற்கும். இக்கருவி எழுதப்பட்டதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஒருவருக்கொருவர் வழிவிட வேண்டும்

கீபோர்டும் கிட்டாரும் ஒரே கார்டை ஒரே தாளக்கட்டில் அடித்தால் இரைச்சலே மிஞ்சும். ஒருவர் நீட்டிப் பிடிக்கும்போது மற்றவர் வெட்டி வெட்டி வாசிக்கலாம். கீபோர்டின் இடக்கை மிகவும் கீழே இறங்கினால் பேஸ் கிட்டாருடன் மோதி ஒலி கலங்கிவிடும்.

அமெரிக்க ஜாஸ் மேதை கவுண்ட் பேஸியின் குழு இதற்குச் சிறந்த பாடம். 1937-இல் சேர்ந்த கிட்டார் கலைஞர் பிரெடி கிரீன், பாருக்கு நான்கு அடி என்று சீராக வாசித்தார். பியானோவில் பேஸி தேவையான இடத்தில் மட்டும் ஓரிரு சுரங்களை வைத்தார். அந்த இடைவெளிதான் அழகு.

தமிழ்ப் பாடல்களில் தபேலாவும் சேர்கிறது. சரணத்தில் தபேலா முன்னே வந்தால், டிரம்ஸ் தாளில் "ஹைஹேட் மட்டும்" என்று எழுதிவிடலாம். தாள்வழி வாசிக்கும் பழக்கம் தமிழ்த் திரையிசைக்குப் புதிதல்ல. 1976-இல் 'அன்னக்கிளி' படத்தில் அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு கருவிக்கும் தம் கைப்படக் குறிப்பு எழுதுவதற்குப் பெயர் பெற்றவர்.

எங்கிருந்து தொடங்கலாம்?

நன்கு பழகிய ஒரு பாடலை எடுத்து, முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் ஒவ்வொன்றும் எத்தனை பார் என்று எண்ண வேண்டும். பகுதிகளுக்கு ஏ, பி, சி என்று பெயரிட்டால் தமிழ் தெரியாத கலைஞரும் பின்தொடர்வார். பிறகு கார்டுகள், கடைசியாக நிறுத்தங்கள். ஒரு தாளுக்குள் அடங்கினால் மேடையில் பக்கம் புரட்டும் தொல்லையும் இல்லை.

எழுதியதை அந்தப் பாடலைக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கேதான் தாளைத் திருத்த வேண்டும்.