வீட்டிலேயே பிரட்... லாபமா, நஷ்டமா?

காய்ச்சல் வந்தால் மட்டும் பிரட் வாங்கிய காலம் மலையேறிவிட்டது. இப்போது பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் வாரத்தில் மூன்று நாள் சாண்ட்விச்தான். 'பேசாம ஒரு பிரட் மெஷின் வாங்கிப் போட்டுட்டா செலவு மிச்சமாகுமே' என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு பேப்பரும் பென்சிலுமாக உட்காருங்கள்.

400 கிராம் பிரட்டுக்கு 250 கிராம் மாவு, 160 மில்லி தண்ணீர், எண்ணெயும் சர்க்கரையும் ஒரு டேபிள்ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன் போதும். மெஷினே பிசைந்து, பொங்க வைத்து, சுட்டும் கொடுத்துவிடும். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். கரண்ட் பில்லுக்குப் பயப்படாதீர்கள். ஹீட்டர் நன்றாக வேலை செய்வது கடைசி ஒரு மணி நேரம்தான். மொத்தமே அரை யூனிட்டைச் சுற்றித்தான் வரும்.

இதையெல்லாம் உங்கள் ஊர் விலையில் கூட்டி, கடை பிரட் விலையிலிருந்து கழியுங்கள். 20 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். மெஷின் 8,000 ரூபாய் என்றால், 400 பிரட் சுட்ட பிறகுதான் போட்ட பணம் கைக்கு வரும். வாரம் நாலு சுடுகிற வீட்டில் அதற்கு இரண்டு வருஷம். வாரம் ஒன்றுதான் என்றால் கிட்டத்தட்ட எட்டு வருஷம்! அதுவரை மெஷின் உழைக்க வேண்டுமே?

'காசு போனா போகுது, உடம்புக்கு நல்லதாச்சே' என்கிறீர்களா? அதில் நியாயம் இருக்கிறது. பிரவுன் பிரட் என்று வாங்குகிறோமே, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதவேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் மைதா என்றிருந்தால், அந்த நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டில் மில்லில் அரைத்த கோதுமை மாவையே போடலாம். தவிடு இருப்பதால் கடை பிரட் போல புஸ்ஸென்று உப்பாது. தண்ணீரும் இரண்டு டேபிள்ஸ்பூன் கூடக் கேட்கும். பாதிக்குப் பாதி மைதாவில் தொடங்கி, போகப் போகக் குறையுங்கள். சுகர்காரர்களே, கோதுமையானாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான். இரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொட்டாசியம் புரோமேட் பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. மாவைப் பதப்படுத்தச் சேர்த்துவந்த அந்த ரசாயனத்தை 2016-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதற்காக மட்டும் மெஷின் வாங்க வேண்டாம்.

வீட்டு பிரட்டில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாம் நாளே பச்சைப் புள்ளி எட்டிப் பார்க்கும். புள்ளியை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடாதீர்கள். முழுசையும் தூக்கிப் போடுங்கள். ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் இந்த நஷ்டம் இல்லை. எடுத்து அப்படியே தோசைக்கல்லில் போடலாம்.

இன்னும் மனசு ஊசலாடுகிறதா? ஒரு மாதம் கையால் பிசைந்து, ஓவனிலோ கனமான பாத்திரத்திலோ சுட்டுப் பாருங்கள். நாலு வாரமும் விடாமல் சுட்டு, வீட்டிலும் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்றால் தைரியமாகக் கடைக்குப் போங்கள். இரண்டாவது வாரமே 'கடையிலேயே வாங்கிடலாம்மா' என்று குரல் வந்தால், 8,000 ரூபாய் மிச்சம்!