நீரிழிவும் வெட்டுக்காயப் பூண்டும்

அரிவாள் பட்டவுடன் வரப்பிலுள்ள வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவது நம் செங்கற்பட்டுக் குடியானவர்களின் வழக்கம். திருக்கழுக்குன்றத்தை அடுத்த தண்டரையில் 1986ஆம் வருஷம் ஏற்பட்ட இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்தார் மூலிகைகளைப் பயிர்செய்து பேணி வந்திருக்கின்றனர். எலிகளிடம் நடத்திய சில சோதனைகளில் இப்பூண்டின் சாறு புண்ணாற உதவியதுமுண்டு.

ஆயினும் நீரிழிவுடையோர் இதனையே நம்பியிருத்தலாகாது. அன்னாருக்குக் கால் நரம்புகள் மரத்து, இரத்தவோட்டமும் குன்றக் கூடுமாதலால், வயலில் முள் தைத்த புண்ணும், மாமல்லபுரக் கரையில் கிளிஞ்சல் கீறிய புண்ணும் வலி தோன்றாமலே அழுகிவிடும். பச்சிலையில் ஒட்டிய மண்ணோ கிருமிகளைப் புண்ணிற் சேர்க்கும்.

ஆகையால் நாள்தோறும் வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவி, ஈரந்துடைத்து, விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். காயமிருப்பின் சுத்தநீரால் கழுவி, தூய துணியாற் கட்டி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. வலியில்லையென்று வாளாவிருத்தல் காலையே இழக்கச் செய்யும்.