விளா

விளா அல்லது விளாமரம் என்பது எலுமிச்சை, நாரத்தை, வில்வம் முதலியன அடங்கிய ரூட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழமரமாகும். இதன் அறிவியற் பெயர் லிமோனியா அசிடிசிமா என்பதாகும். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகள் இதன் தாயகங்களுள் அடங்கும். இதன் காய் விளாங்காய் எனவும், கனி விளாம்பழம் எனவும் அழைக்கப்படுகின்றன. ஓடு, சதை, இலை, பிசின், மரம் என இதன் பெரும்பாலான பகுதிகள் பயன்தருவன. ஆங்கிலத்தில் வழங்கும் "வூட் ஆப்பிள்" என்னும் பெயர் விளாவுக்கும் வில்வத்துக்கும் பொதுவாகக் கையாளப்படுவதால், இவ்விரு மரங்களின் பயன்களும் நூல்களில் ஒன்றோடொன்று கலந்து எழுதப்படுவதுண்டு.

பெயர்கள்

பழந்தமிழில் இம்மரம் விளவு, வெள்ளில் ஆகிய பெயர்களாலும் வழங்கப்பட்டது. வடமொழியில் கபித்தம் என்றும், சிங்களத்தில் திவுல் என்றும், தெலுங்கில் வெலக என்றும், மராத்தியில் கவட் என்றும் கூறுவர். லிமோனியா அசிடிசிமா என்னும் பெயரை 1762 ஆம் ஆண்டில் லின்னேயஸ் வெளியிட்டார். அசிடிசிமா என்பது இலத்தீன் மொழியில் "மிகவும் புளிப்பானது" எனப் பொருள்படும். பழைய தாவரவியல் நூல்களில் இது பெரோனியா எலிபாண்டம் எனக் குறிப்பிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே மரத்தையே குறிக்கும்.

தாவரவியல் விளக்கம்

விளா ஏறத்தாழ 9 மீட்டர் உயரம் வரை வளரும். கிளைகளில் நேரான, கூரிய முட்கள் காணப்படும். ஒவ்வொரு கூட்டிலையிலும் 5 முதல் 7 வரையான சிற்றிலைகள் அமைந்திருக்கும். இலையைக் கசக்கினால் எலுமிச்சையை ஒத்த மணம் வீசும். பழம் உருண்டை வடிவினது. 5 முதல் 9 செ.மீ. வரை விட்டமுடையது. இதன் ஓடு மரக்கட்டை போலக் கடினமாகவும், சாம்பல் கலந்த வெண்ணிறமாகவும், சொரசொரப்பாகவும் இருக்கும். உள்ளே பழுப்பு நிறமான, ஒட்டும் தன்மையுள்ள சதையும், அதனுள் சிறிய விதைகள் பலவும் காணப்படுகின்றன.

வளரிடமும் விளைச்சலும்

வறட்சியையும் வளம் குறைந்த மண்ணையும் தாங்கி வளரக்கூடிய இம்மரம், பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 450 மீட்டருக்குட்பட்ட சமவெளிகளில் காணப்படுகின்றது. திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி, தேவிகாபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள வறண்ட சமவெளி, விளாவுக்கு ஏற்ற நிலவகைக்கு ஓர் எடுத்துக்காட்டாகும். நீர்ப்பாசனம் குறைந்த இத்தகைய நிலங்களில், வேலியோரத்திலும் வரப்பிலும் தனிக் கவனிப்பு இல்லாமலே இம்மரத்தை வளர்க்கலாம்.

விதையிலிருந்து வளரும் மரம் காய்ப்பதற்கு 15 ஆண்டுகள் வரை ஆகலாம். ஒட்டுக்கன்றுகள் இதனினும் விரைவாகக் காய்க்கும். காய் முற்றியதை அறிய எளிய முறை ஒன்று உண்டு. காயை ஓரடி உயரத்திலிருந்து கடினமான தரையில் விழவிட்டால், முற்றாத காய் துள்ளும், முற்றியது துள்ளாது. பறித்த காய்களை இரண்டு வாரம் வரை வெயிலில் வைத்துப் பழுக்கவிடுவர்.

உணவுப் பயன்பாடு

தமிழ்நாட்டில் விளாம்பழத்தின் ஓட்டை உடைத்து, சதையுடன் வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை கலந்து உண்பது வழக்கம். காயைப் பச்சை மிளகாய், உப்பு, தாளிப்பு ஆகியவற்றுடன் சேர்த்துத் துவையலாகவும் பச்சடியாகவும் செய்வர். ஊறுகாயும் போடப்படுகின்றது. இலங்கையில் சதையைத் தேங்காய்ப்பாலுடனும் இனிப்புடனும் கரைத்துப் பானமாகப் பருகுவர்; பழக்கூழும் அங்கு பரவலாக விற்கப்படுகின்றது. வங்காளத்தில் உப்பு, மிளகாய், கடுகெண்ணெய் சேர்த்து உண்கின்றனர். இந்தோனேசியாவின் சாவகத் தீவிலுள்ள ரெம்பாங் நகரம் விளாம்பழச் சாற்றுப் பாகுக்குப் பெயர்பெற்றது. சதையில் பெக்டின் என்னும் பொருள் மிகுந்திருப்பதால் பழக்கூழ் எளிதில் இறுகுகின்றது.

சத்துகள்

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையின்படி 100 கிராம் விளாம்பழத்தில் உள்ளவை:

நீர் – 64.2 கிராம்
புரதம் – 7.1 கிராம்
கொழுப்பு – 3.7 கிராம்
மாவுப்பொருள் – 18.1 கிராம்
நார்ப்பொருள் – 5 கிராம்
கால்சியம் – 130 மி.கி.
பாஸ்பரஸ் – 110 மி.கி.
வைட்டமின் சி – 3 மி.கி.
ஆற்றல் – 134 கிலோ கலோரி

பழங்களில் இந்த அளவு புரதம் காணப்படுவது அரிது. புளிப்பான பழங்கள் அனைத்திலும் வைட்டமின் சி மிகுதி என்னும் பொதுக் கருத்து விளாம்பழத்துக்குப் பொருந்தாது என்பதையும் இவ்வட்டவணை காட்டுகின்றது.

விளாவும் வில்வமும்

தமிழிலும் வடமொழியிலும் இவ்விரு மரங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளமையால் குழப்பம் இல்லை. ஆங்கிலப் பெயரைக் கொண்டு மருந்தைத் தேடும்போதே தவறு நேர்கின்றது. கீழ்க்காணும் அடையாளங்களைக் கொண்டு இவற்றைப் பிரித்தறியலாம்.

இலை: வில்வத்தில் பொதுவாக 3 சிற்றிலைகள், விளாவில் 5 முதல் 7 வரை.
ஓடு: வில்வத்தின் ஓடு வழுவழுப்பானது, பழுத்தபின் மஞ்சள் நிறமடைவது, விளாவின் ஓடு சொரசொரப்பானது, சாம்பல் கலந்த வெண்ணிறமானது.
சதை: வில்வத்தின் சதை மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமானது, விளாவின் சதை பழுப்பு நிறமானது.
விதை: வில்வத்தில் பசை நிறைந்த அறைகளுக்குள் இருக்கும், விளாவில் சதை முழுவதும் பரவிக் கிடக்கும்.

மருத்துவப் பயன்கள்

மரபு வைத்தியத்தில் விளாங்காய் துவர்ப்புத் தன்மை உடையதாகக் கருதப்பட்டு, வயிற்றுப்போக்கை நிறுத்துவதற்குக் கொடுக்கப்படுகின்றது. பழம் பசியைத் தூண்டுவது, விக்கல், தொண்டைப்புண், பல்லீறு நோய்கள் ஆகியவற்றுக்கு ஏற்றது எனக் கூறுவர். பூச்சிக்கடிக்குச் சதையைப் பற்றிடுவதும் உண்டு. ஆயுர்வேதத்தில் செரிமானக் கோளாறுகளுக்கு வழங்கப்படும் கபித்தாஷ்டக சூரணத்தில் விளாவே முதன்மைச் சரக்காகும். இம்மருந்தில் விளாவுக்கு மாற்றாக வில்வத்தைச் சேர்த்தால் மருந்தே வேறாகிவிடும்.

பழம், இலை ஆகியவற்றின் சாறுகள் இரத்தச் சர்க்கரை, கல்லீரல் ஆகியவற்றின் மீது ஏற்படுத்தும் விளைவுகள் விலங்குகளில் ஆராயப்பட்டுள்ளன. இம்முடிவுகளை மட்டும் கொண்டு, மனிதருக்கும் அவ்வாறே பயன்தரும் எனக் கொள்ள இயலாது. நீரிழிவு நோயாளிகள் வெல்லம் கலந்த விளாம்பழத்தை மருந்தாகக் கருதி உண்பது தவறு. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு விளாம்பிசினைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கமும் பதிவாகியுள்ளது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் கொடுப்பது ஆபத்தானது. வயிற்றுப்போக்கின்போது உடலிலிருந்து வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசலைக் கொடுப்பதே முதன்மையானது. குழந்தை சோர்வுற்றிருந்தால் உடனடியாக மருத்துவரை நாடவேண்டும்.

பிற பயன்கள்

அடிமரத்திலிருந்து வடியும் பிசின் வேலம்பிசினை ஒத்தது. இது முன்னர் எழுதும் மை, சாயம், ஓவிய வண்ணங்கள் ஆகியவற்றில் சேர்க்கப்பட்டது. கனமும் உறுதியும் வாய்ந்த இதன் மரம் வேளாண் கருவிகள் செய்ய உதவுகின்றது. ஓட்டைக் குடைந்து சிறு கிண்ணங்களும் பொடிச்சிமிழ்களும் செய்வர். மியான்மரில் முகத்தில் பூசும் தனகா என்னும் பூச்சு, விளா உள்ளிட்ட சில மரங்களின் பட்டையைக் கல்லில் நீர்விட்டு அரைத்து ஆக்கப்படுகின்றது.

பண்பாட்டில்

விளாம்பழம் விநாயகருக்கு உரிய படையற் பொருள்களுள் ஒன்று. ஆவணி மாதத்தில் விநாயகர் சதுர்த்தியையொட்டி, களிமண் பிள்ளையாருடன் விளாம்பழமும் சந்தைகளில் விற்பனைக்கு வருகின்றது. கண்ணன் கன்றைக் குறுந்தடியாக எறிந்து விளங்கனியை உதிர்த்த கதை சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் இடம்பெறுகின்றது.

வெளியே முழுமையாகத் தோன்றி உள்ளே வெறுமையாக இருப்பதை "யானை உண்ட விளங்கனி போல" என்பர். யானை விழுங்கிய பழம், ஓடு உடையாமலே உள்ளீடற்று வெளிவரும் என்னும் நம்பிக்கை இதற்கு அடிப்படையாகும். யானையைக் குறிக்கும் வேழம் என்னும் சொல் இங்கு விளங்கனியின் உள்ளீட்டை அழிக்கும் ஒரு நோயைக் குறிக்கின்றது என்னும் விளக்கமும் உண்டு.