பள்ளியில் பல மொழிகள்

சென்ற தை மாதத்தில் நண்பர் ஒருவருடன் புளியஞ்சோலைக்குச் சென்றிருந்தேன். கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள அவ்வூரோடு, உப்பிலியபுரம் வழியாக வரும் சாலை முடிந்துவிடுகிறது. மேலே செல்வோருக்குக் காட்டுப் பாதைதான். ஆகாய கங்கை அருவியாக வீழ்ந்து இறங்கிவரும் அய்யாறு அங்கே பாறைகளினூடே பரவி ஓடுகிறது. நீரில் கால்களை நனைத்தபடி அமர்ந்திருந்தபோது, நண்பர் தம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். அவர் தம் ஆறு வயது மகளைச் சர்வதேசப் பள்ளி ஒன்றில் சேர்க்க இருந்தார். அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில். பிரெஞ்சும் இந்தியும் உடன் உண்டு. "குழந்தை குழம்பிவிடாதா? வீட்டிலாவது தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசிப் பழக்கட்டுமா?" என்றார்.

அவ்வேளையில் மலையிலிருந்து ஒரு சிறுவன் பாட்டியுடன் இறங்கி வந்தான். பாட்டியிடம் அவன் பேசியது மலைத் தமிழ். எனக்குப் பாதிதான் விளங்கிற்று. கடைக்காரரிடம் பேசியது கீழ்நாட்டுத் தமிழ். நான் பேச்சுக் கொடுத்ததும் பாடப்புத்தகத் தமிழில் விடையிறுத்தான். யாரிடம் எதைப் பேசுவது என்பதில் அவனுக்கு ஐயமே எழவில்லை. நண்பருக்கு அவனையே சுட்டிக் காட்டினேன்.

குழந்தையின் மூளைக்குப் பல மொழிகள் பாரமல்ல. ஒவ்வொரு மொழிக்கும் உரிய வேலை இன்னதென்று வகுக்காத பள்ளிதான் பாரம். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துப் பள்ளி 1943-இல் சிறிய அளவில் தொடங்கிற்று. 1952-இல் சர்வதேசப் பல்கலைக்கழக மையமாக விரிந்து, 1959 முதல் சர்வதேசக் கல்வி மையம் என வழங்கி வருகிறது. அங்கே கணிதமும் விஞ்ஞானமும் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் நடக்கும்; வரலாறு முதலியவை ஆங்கிலத்தில். தாய்மொழிக்கும் சமஸ்கிருதத்துக்கும் தனி இடம் உண்டு. முக்கோணத்தைப் பிரெஞ்சில் அறிந்த மாணவன், அதை ஆங்கிலத்தில் மறுபடி அறிய வேண்டியதில்லை. பெயரை மட்டும் கற்றால் போதும். கருத்து ஒன்று, பெயர்கள் பல.

இத்தகைய பள்ளிகளுள் மூத்தது ஜினீவாவில் உள்ளது. சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழில் அமைப்பிலும் பணியாற்றியோரின் குழந்தைகளுக்காக 1924-இல் தோன்றியது; ஆங்கிலமும் பிரெஞ்சும் அதன் இரு கண்கள். அந்நகரிலேயே 1968-இல் உருவான சர்வதேசப் பட்டயப் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதன்முதல் மேற்கொண்டது, நம் கொடைக்கானலில் 1901-இல் தொடங்கிய பள்ளியாகும், ஆண்டு 1976. இப்பாடத்திட்டத்தில் மாணவன் ஒரு மொழியின் இலக்கியத்தை ஆழ்ந்து கற்க வேண்டும். வேறொரு மொழியையும் பயில வேண்டும். முதல் மொழி அவன் தாய்மொழியாகவே இருக்கலாம். அதற்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லையெனினும், மேற்பார்வையுடன் தானே படித்துத் தேர்வெழுத வழியுண்டு. பெற்றோர் பலர் இதைக் கேட்டுப் பெறுவதே இல்லை.

வீட்டுத் தமிழை நிறுத்துவது பற்றி மட்டும் நண்பரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன். காரணம் உண்டு. நான் இளமையில் பயின்ற ஒரு பள்ளியில் தமிழ் பேசினால் தண்டம். அதனால் எனக்கு ஆங்கிலம் வந்துவிடவில்லை. வாய்மூடி இருக்கும் பழக்கம்தான் வந்தது. மூன்று ஆண்டுகள் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டறியேன்.

கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் ஓர் உண்மையை விளக்கியுள்ளார். புதிய மொழியில் விளையாட்டுத் திடல் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும்; பாடத்தைச் சிந்தித்து எழுதும் திறன் கைகூட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். சரளமாகப் பேசும் குழந்தைக்குப் பாடமும் விளங்கிவிட்டதென்று பெற்றோர் மயங்குவது இங்கேதான். அந்த நீண்ட இடைக்காலத்தில் "ஏன், எப்படி" என்று குழந்தை கேட்டுத் தெளிய ஒரு மொழி வேண்டாமா? நண்பரின் இல்லத்தில் அது தமிழ். அரைகுறை ஆங்கிலத்தில் தந்தை பேசத் தொடங்கினால், மகள் இழப்பது ஒரு மொழியை மட்டுமன்று. தந்தையோடு வாதாடும் உரிமையையும்தான்.

நண்பர் அன்று பதில் கூறவில்லை. பங்குனியில் கடிதம் வந்தது. மகளை அப்பள்ளியிலேயே சேர்க்கப் பணம் கட்டிவிட்டாராம். இரவில் கதை சொல்லும் பொறுப்பு பாட்டியிடமே இருக்கிறதாம். பள்ளி திறந்த பின், அன்றைய பாடத்தைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவது பேத்தியின் வேலையாம்.