தாகம் எடுக்காத வயது
தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. 1945-இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் நாளைக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்னபோதே, அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும் என்றும் எழுதியிருந்தது. ரசம், மோர், வெள்ளரிக்காய் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். அப்படியானால் தாகம் எடுத்தால் மட்டும் குடித்தால் போதாதா? ஆரோக்கியமான இளவயதினருக்குப் பெரும்பாலும் போதும், முதியவர்களுக்குப் போதாது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது, நீரைத் தேக்கிவைக்கும் திறனும் சிறுநீரகத்தில் குறைகிறது. உடம்பில் நீர் வற்றியிருந்தும் நாக்கு கேட்பதில்லை. தலைசுற்றலோ மனக்குழப்பமோதான் காட்டிக்கொடுக்கும். இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று தயங்குபவர்கள் பகலிலேயே கூடுதலாகக் குடித்துவிடலாம். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு. மற்றபடி, வீட்டுப் பெரியவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், நீங்களே அவ்வப்போது ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுங்கள்.