'டெலிகேட்' என்னும் ஆங்கிலப் பெயரடை: நொய்ம்மையும் நுண்மையும் ஒரு சொல்லில் இணைந்த வரலாறும் தமிழாக்கச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் வழங்கும் 'டெலிகேட்' என்னும் பெயரடை, எளிதில் கெடும் தன்மையையும் நயம் மிகுந்த தன்மையையும் ஒருங்கே உணர்த்துகிறது. இவ்விரு பொருள்களும் ஒரு சொல்லில் எவ்வாறு சேர்ந்தன, அச்சேர்க்கை ஆங்கிலச் சிந்தனையில் யாது விளைத்தது, தமிழில் அவை வெவ்வேறு சொற்களில் நிற்பதால் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சொற்பொருள் மாற்றம், நொய்ம்மை, நுண்மை, நாசூக்கு, மொழிபெயர்ப்பு

முன்னுரை

பீங்கான் கிண்ணம் ஒன்று, அடிக்கடி நோயுறும் குழந்தையின் உடல், வேகவைத்த மீனின் இலேசான சுவை, கண்ணில் செய்யப்படும் அறுவை, எல்லைத் தகராறு பற்றி இரு நாடுகள் நடத்தும் பேச்சுவார்த்தை, உறவினரிடம் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வேண்டிய நிலை ஆகிய ஆறையும் ஆங்கிலம் 'டெலிகேட்' என்னும் ஒரே பெயரடையால் சுட்டும். மொழிபெயர்ப்புப் பயிற்சி பெறும் மாணவர் பெரும்பாலும் முதலில் எழுதும் தமிழ்ச்சொல் 'மென்மையான' என்பதாகும். கிண்ணத்திற்கே அது பொருந்தாது. பீங்கான் மெல்லியதாகலாம், மென்மையானதன்று. அறுவைக்கு அதனை அடையாக்கினால் பொருளே தலைகீழாகிறது. 'மென்மையான அறுவை' எனப் படிப்பவர், வலியற்ற எளிய அறுவை என்றே கொள்வார். மூலமோ, கை இம்மியளவு பிழைத்தாலும் கேடு நேரும் என எச்சரிக்கிறது. நோயாளியின் உறவினர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தில் இப்பிழை நேருமாயின் அதனை நடைக்குற்றம் என்று ஒதுக்கிவிட இயலாது.

அகராதிகள் இச்சொல்லின் பொருள்களை எண்ணிட்டு அடுக்குகின்றன. அவ்வடுக்கு தேடுவதற்கு உதவுமேயன்றி, பொருள்களுக்கிடையே உள்ள உறவைக் காட்டாது. எனவே இக்கட்டுரை வேறொரு வினாவை முன்வைக்கிறது. சொல் சுட்டும் பண்பு யாரிடத்தது? கையாளப்படும் பொருளிடத்தா, கையாள்பவரிடத்தா, அன்றி இரண்டிற்கும் இடைப்பட்ட செயலிடத்தா? கிண்ணத்தில் அது பொருளின் பண்பு. சுவையறியும் நாவில் அது அறிபவரின் பண்பு. பேச்சுவார்த்தையில் அது இரண்டிற்கும் இடையே நிற்கிறது. இம்மூன்று இடங்களையும் வேறுபடுத்திக் கொண்டால் தமிழில் எச்சொல்லைத் தேர்வது என்னும் சிக்கல் பெரிதும் தெளிவுறும்.

இலத்தீன் மூலம்

இலத்தீன் மொழியின் 'டெலிகாட்டுஸ்' என்பதே இச்சொல்லின் மூலம். இன்பம் தருவது, சொகுசில் பழகியது, செல்லமாக வளர்க்கப்பட்டது என்பன அதன் பொருள்கள். இன்பத்தையும் செல்லப்பொருளையும் குறிக்கும் 'டெலிகியை' என்னும் பெயர்ச்சொல்லோடு அதனை இணைத்துக் காண்பர். உரோமானியக் கவிஞர் கட்டுல்லுஸ் தம் காதலி வளர்த்த சிட்டுக்குருவியை அப்பெயர்ச்சொல்லாலேயே அழைக்கிறார். ஆங்கிலத்தில் சுவைமிக்க உணவைக் குறிக்கும் 'டெலிஷியஸ்', மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' ஆகியனவும் இக்குடும்பத்தனவே. பின்னதன் எழுத்துக்கூட்டு, ஒளியைக் குறிக்கும் 'லைட்' என்னும் சொல்லின் சாயலால் மாறியது. ஒளிக்கும் அதற்கும் வேர்த்தொடர்பு இல்லை.

ஆகவே தொடக்கத்தில் இச்சொல்லில் உடைதல், நலிதல் என்னும் கருத்துக்கு முதலிடம் இல்லை. சொகுசில் வளர்ந்தது கடுமையைத் தாங்காது என்னும் அனுபவ அறிவின் வழியே அக்கருத்து பின்னர் வலுப்பெற்றது. 'சொகுசாக வளர்ந்த உடம்பு, வெயில் தாங்காது' எனத் தமிழ்ப் பேச்சு வழக்கிலும் கேட்கிறோம். ஆயினும் தமிழில் 'சொகுசு' என்னும் சொல் தன் இடத்தை விட்டு நகரவில்லை. எவரும் பீங்கான் கிண்ணத்தைச் சொகுசானது என்பதில்லை.

பிரெஞ்சு மொழியில் இதே இலத்தீன் சொல் இருமுறை இடம்பெற்றது. பேச்சுவழி மரபாக வந்த 'டெலியே' என்னும் வடிவம் மெல்லியது, நுண்ணியது என்னும் பொருளில் நின்று, கையெழுத்தின் மெல்லிய கோட்டிற்கும் பெயராயிற்று. கற்றோர் வழி மீண்டும் கடன்பெற்ற 'டெலிகா' என்னும் வடிவமோ ஏனைய பொருள்கள் பலவற்றையும் தாங்கியது. ஆங்கிலத்தில் 'டெலிகேட்' 14ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் வந்து சேர்ந்தது.

ஷேக்ஸ்பியரும் ஆங்கில விவிலியமும்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பழைய இன்பப் பொருள் இன்னும் உயிருடன் இருக்கிறது. 'மேக்பெத்' நாடகத்தில் பாங்க்வோ, கோட்டையைச் சூழ்ந்த காற்றை இச்சொல்லால் பாராட்டுகிறான். அக்கோட்டையில்தான் அன்றிரவு அரசன் கொலையுண்ணப் போகிறான். 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் பிராஸ்பெரோ, புயலையே எழுப்பவல்ல ஏரியல் என்னும் ஆவியை இவ்வாறு விளிக்கிறான். 'ஒதெல்லோ'வில் டெஸ்டிமோனாவின் ஊசிவேலைத் திறன் இச்சொல்லால் புகழப்படுகிறது. இம்மூன்றில் எதனையும் நொய்ம்மைப் பொருளில் மொழிபெயர்த்தல் பிழையாகும். ஊசிவேலைக்கு வரும் இடம் குறிப்பிடத்தக்கது. துணி மெல்லியது என்பது அங்குக் கருத்தன்று. கை நுட்பமானது என்பதே கருத்து. பண்பு பொருளை விட்டுக் கையாள்பவரிடம் சென்றுவிட்டது.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் உபாகமம் 28ஆம் அதிகாரத்திலும் ஏசாயா 47ஆம் அதிகாரத்திலும் இச்சொல் சொகுசுப் பொருளில் வருகிறது. ஏசாயாவில் பாபிலோன் நகரம் பெண்ணாக உருவகிக்கப்பட்டு, இனி அப்பெயருக்கு அவள் உரியவள் அல்லள் எனப்படுகிறாள். தமிழ் விவிலியம் அவ்விடத்தில் 'சுகசெல்வி' என்னும் சொல்லை ஆள்கிறது. அது எபிரேய மூலத்தை நோக்கிய ஆக்கமாதலால் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் இன்றைய மொழிபெயர்ப்பாளர் எவருக்கும் தோன்றாத பொருத்தமான சொல் அது. உபாகமத்தில் வரும் பெண், பாதத்தைத் தரையில் வைக்கவும் துணியாதவள். திருக்குறளின் 1120ஆம் பாவிலும் பெண்ணின் மெல்லிய பாதம் பேசப்படுகிறது. அங்கு அது காதலனின் புனைந்துரை. இங்கு, முற்றுகைப் பஞ்சத்தில் அவளும் கொடியவளாவாள் என்னும் சாபத்தின் பகுதி.

பதினெட்டாம் நூற்றாண்டு: சுவைத்திறனும் பெண்மையும்

இச்சொல் ஆங்கிலச் சிந்தனையின் நடுவிடத்திற்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். டேவிட் ஹியூம் 1741இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், இதன் பண்புப்பெயரைக் கொண்டு உணர்ச்சிக்கூர்மை, சுவைக்கூர்மை என்னும் இரண்டைப் பிரித்துக் காட்டினார். முன்னது வாழ்வின் ஒவ்வொரு நிகழ்விற்கும் மிகையாக மகிழவும் வருந்தவும் செய்வது. பின்னது கலையின் அழகையும் குறையையும் நுணுகி உணர்வது. முன்னதன் துன்பத்திற்குப் பின்னதை வளர்த்தலே மருந்து என்பது அவர் கருத்து. ஒரே பண்பு நோயாகவும் மருந்தாகவும் கூறப்படுவது இங்கு நோக்கத்தக்கது.

1757இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையில் 'டான் கிஹோத்தே' நாவலின் கதை ஒன்றை அவர் எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்தனர். நல்ல மதுவே, ஆயினும் சிறிது தோல் வாடை உண்டு என்றார் ஒருவர். இரும்பின் சுவை உண்டு என்றார் மற்றவர். இருந்தோர் நகைத்தனர். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடந்தது. இங்கு 'டெலிகேட்' என்பது நாவின் பண்பு. அது வலிமைக்குறைவன்று, பிறர்க்குப் புலனாகாததைப் பிடிக்கும் ஆற்றல். தமிழில் 'நுண்ணிய' என்பதன்றி வேறு சொல் இவ்விடத்திற்கு ஒவ்வாது.

அதே 1757இல் எட்மண்ட் பர்க் அழகு பற்றிய தம் நூலில் நேர்மாறான திசையில் சென்றார். உறுதியும் வலிமையும் அழகுக்கு ஊறு செய்வன என்றும், நொய்ம்மைத் தோற்றம் அழகுக்கு இன்றியமையாதது என்றும் கூறி, பெண்களின் அழகு பெரிதும் அவர்தம் மெலிவினால் அமைவது என்றார். ஒரே ஆண்டில் ஒரே சொல், ஹியூமிடம் அறிதிறனாகவும் பர்க்கிடம் நலிவாகவும் பாராட்டப்படுகிறது. இரண்டையும் ஒரு சொல் தாங்கியமையால், பெண்ணை அச்சொல்லால் புகழ்ந்தவர் எதனைப் புகழ்ந்தார் என்று கேட்க வழியில்லாது போயிற்று.

அந்த முடிச்சை மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் கண்டுகொண்டார். பெண்ணுரிமை பற்றி 1792இல் அவர் வெளியிட்ட நூலின் முன்னுரையில், உணர்வின் மென்மை, சுவையின் நயம் முதலான அழகிய தொடர்கள் பலவீனத்தைக் குறிக்கும் அடைமொழிகளோடு ஏறத்தாழ ஒருபொருட் சொற்களே என்று எழுதினார். தத்துவ வாதமாகத் தோன்றினும் இது அடிப்படையில் சொற்பொருளியல் வாதமே என்பது இவ்வாய்வாளரின் கருத்து. ஒரு சொல்லின் இரு பொருள்களில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் சுமத்துகிறார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

தமிழில் பிரிந்து நிற்கும் பொருள்கள்

தமிழில் இவ்விரு பொருள்களுக்கும் ஒலியால் அண்மையவாயினும் வழக்கால் விலகிய சொற்கள் உள்ளன. தொல்காப்பிய உரியியல், நொசிவு, நுழைவு, நுணங்கு ஆகிய மூன்றற்கும் நுண்மைப் பொருள் கூறுகிறது. நுண்மை, நுட்பம், நுணுக்கம், நுண்ணறிவு என அச்சொல்வரிசை அறிவை நோக்கி உயர்ந்தது. நொய், நொய்ம்மை, நைதல் என்பன வலிமைக்குறைவை நோக்கிச் சென்றன. உடைந்த அரிசிக்கு 'நொய்' என்பது இன்றும் வீட்டு வழக்கு. நுண்ணியர் என்று ஒருவரைப் புகழலாம். நொய்யர் என்று புகழ இயலாது.

இதனால் தமிழில் வுல்ஸ்டன்கிராஃப்ட் கண்ட சிக்கலே இல்லை எனல் மிகையாகும். பெண்ணுக்கு 'மெல்லியல்' என்பதே பெயராக வழங்கிய மொழி இது. ஆயினும் 'மெல்லியல்' என்பதில் சுவையறியும் திறன் என்னும் பொருள் கலக்கவில்லை. ஆதலின் அவரது தொடரை 'மென்மை' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் வாதத்தின் கூர் மழுங்கிவிடும். நயத்திற்கு ஒரு சொல்லும் நலிவிற்கு ஒரு சொல்லும் இட்டு, ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே என்று குறிப்பெழுதுவதே தக்கது.

உடலின் மென்மையையும் உள்ளத்தின் மென்மையையும் தமிழ் இணைக்கும்போது அதனைச் சொல்லால் செய்யாமல் உவமையால் செய்கிறது. திருக்குறளில் அனிச்சம் நான்கு இடங்களில் வருகிறது. மூன்று காமத்துப்பாலில் காதலியைப் பற்றியன. ஒன்று விருந்தோம்பல் அதிகாரத்தில் விருந்தினரின் உள்ளத்தைப் பற்றியது. பின்னதில் விருந்தினர் எளிதில் வாடுபவர் என்பது அவர் மீதான குறையாகக் கூறப்படவில்லை. முகம் மாறாது நோக்கும் பொறுப்பு விருந்தளிப்பவரைச் சேர்கிறது.

கடன்சொற்கள் தரும் சான்று இன்னும் தெளிவானது. 'நாசூக்கு' என்பது உருது வழி வந்த பாரசீகச் சொல். உருதுவில் 'நாசுக்' என்பது மெல்லிய உடலையும், எளிதில் உடையும் பொருளையும், நோயாளியின் கவலைக்கிடமான நிலையையும், நெருக்கடியான சூழலையும் குறிக்கும். ஏறத்தாழ 'டெலிகேட்' பரவிய அளவு பரவியது. தமிழில் அது 'நாசூக்காகச் சொன்னார்', 'நாசூக்கான மனிதர்' என நடத்தைக்கு மட்டுமே உரியதாயிற்று. நொய்ம்மைக்குத் தமிழில் சொற்கள் முன்பே இருந்தமையால் கையாள்பவரின் பண்பு மட்டும் கொள்ளப்பட்டது எனக் கருத இடமுண்டு. இன்றைய பேச்சில் 'டெலிகேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழில் கலந்து வருகிறது. அதுவும் பெரும்பாலும் 'டெலிகேட்டான விஷயம்' என்னும் ஒரு தொடரில்தான். இங்குக் கொள்ளப்பட்டது மூன்றாம் இடம், அதாவது இடைப்பட்ட சூழல். 'தர்மசங்கடம்' அதற்கு ஈடாகாதோ எனின், அது மாட்டிக்கொண்டவரின் நிலையைக் கூறுமேயன்றி விஷயத்தின் இயல்பைக் கூறாது.

தொடர்களும் தெரிவுகளும்

இனி முதலில் கண்ட ஆறினையும் நோக்கலாம். கிண்ணம் 'எளிதில் உடையக்கூடியது'. மீனின் சுவைக்கு 'இலேசான', 'இதமான' என்பன போதும். குழந்தையின் உடலுக்கு 'பூஞ்சை உடம்பு' என்னும் வழக்கைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அறிவியல் தமிழ் 'பூஞ்சை'யைக் காளான் இனத்திற்கு உரியதாக்கிவிட்டதால், இன்றைய இளம் வாசகர் குழந்தைக்குத் தோல்நோய் என்று எண்ணிவிடவும் கூடும். அறுவைக்கு 'நுட்பமான' என்பது திறனைக் காட்டும், இடரைக் காட்டாது. படிவத்தில் 'சிறு பிழையும் தாங்காத, மிகுந்த கவனம் வேண்டும் அறுவை' என விரித்தெழுதுதல் வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் பலரும் எழுதும் 'சிக்கலான' என்பது வேறு பொருள் தருவது. சிக்கலானது பல முடிச்சுகள் கொண்டது. 'டெலிகேட்' ஆனது ஒரே முடிச்சு கொண்டதாயினும் வலிந்து இழுத்தால் அறுந்துவிடுவது. 'பக்குவமாகக் கையாள வேண்டிய' என்பது நெருங்கி வரும். கடனைக் கேட்கும் நிலைக்கும் அதுவே.

இவற்றினும் கடினமானது, பழைய ஆங்கிலப் புதினங்களில் கருவுற்ற பெண்ணைச் சுட்டும் வழக்கு. அவள் 'டெலிகேட் நிலையில் இருக்கிறாள்' என்பர். 'மென்மையான நிலையில்' என்றால் தமிழில் பொருளே இல்லை. 'நலிந்த நிலையில்' என்றால் நோயாளியாகிவிடுவாள். 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்பது இயல்பான தமிழ் இடக்கரடக்கல், பொருள் பிழையாது. எனினும் ஆங்கில மாந்தர் வயிறு என்னும் சொல்லைத் தவிர்ப்பதற்காகவே அவ்வாறு பேசினர். தமிழ்த்தொடரோ அதனையே முன்வைக்கிறது. வரவேற்பறையில் குரல் தாழ்த்திப் பேசும் மாந்தர் வாயில் இத்தொடரை வைத்தால் அவர் வேறொரு மனிதராகிவிடுவார். 'அவளுக்கு இப்போது உடம்பு முன்போல் இல்லை' என்று எழுதினால் கூச்சமும் நலிவுக் குறிப்பும் நிற்கும். கருவுற்ற செய்தி மட்டும், அடுத்த பக்கங்களில் குழந்தை பிறக்கும் வரை, வாசகருக்கு எட்டாமற் போகலாம்.