நிலத்தை இழந்தவர்களுக்காக வாதாடிய தாவரவியலாளர்

உயிரியல் படிக்கும் எங்களுக்குப் பிரசாரணம் தெரிந்த பாடம். மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. பயிர் தண்ணீரில் நின்றபடியே வாடிவிடும். பங்களாதேஷின் தென்மேற்குக் கரையோர வயல்களில் நடப்பது இதுதான். கடல்மட்டம் உயர்கிறது, சூறாவளி அணைக்கட்டை உடைக்கிறது, உப்புநீர் உள்ளே வந்து தங்கிவிடுகிறது. (சுனாமிக்குப் பின் நமது கிழக்குக் கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போனதை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.)

அந்நாட்டின் பேராசிரியர் ஸலீமுல் ஹக், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் தாவரவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆனால் உலகம் அவரை அறிந்தது சர்வதேச மாநாட்டு மண்டபங்களில்தான். 1995இல் பேர்லினில் நடந்த முதலாவது ஐ.நா. காலநிலை மாநாடு தொடக்கம் 2022இல் எகிப்தில் நடந்த 27ஆவது மாநாடு வரை ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. வறிய நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஆலோசனை சொல்வதே அங்கு அவருடைய வேலை.

அவருடைய வாதத்தை விளங்கிக்கொள்ள 1970ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பார்க்க வேண்டும். அதில் மூன்று இலட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் பங்களாதேஷ் பாதுகாப்புக் கட்டடங்களை எழுப்பியது. ஊர்தோறும் ஒலிபெருக்கியோடு எச்சரிக்கும் தொண்டர்களைப் பழக்கியது. 2020இல் அம்பான் சூறாவளி வந்தபோது இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். உயிரிழப்பு சில பத்துகளைத் தாண்டவில்லை. இதைத்தான் இசைவாக்கம் என்கிறோம். சரி, உயிர் தப்பியது. வீடு, மாடு, உப்பேறிய வயல்? அவற்றை எந்த எச்சரிக்கையும் காப்பாற்றாது. அதற்கு ஹக் போன்றோர் வற்புறுத்திய பெயர் ‘இழப்பும் சேதமும்’. உலகின் பச்சைவீட்டு வாயுக்களில் நூற்றில் ஒரு பங்குகூட வெளியிடாத நாடு அந்தச் செலவை ஏன் தனியே சுமக்க வேண்டும் என்பதே அவரது கேள்வி.

பணக்கார நாடுகளுக்கு இந்தச் சொற்றொடரே கசந்தது. 2015 பாரிஸ் உடன்படிக்கையின் 8ஆவது உறுப்புரையில் அது இடம்பிடித்தது உண்மை. ஆனால் அந்த உறுப்புரை நட்டஈடு கோர அடிப்படையாகாது என்று கூடவே வந்த தீர்மானத்தில் எழுதிவைத்தார்கள். உதவி என்றால் கொடுப்பவர் விரும்பினால் கொடுக்கலாம். நட்டஈடு என்றால் கொடுத்தே ஆகவேண்டும். அந்த வரியை அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பது எனக்கு இதிலிருந்துதான் விளங்கியது.

தனி நிதியம் ஒன்றுக்கான இணக்கம் 2022 எகிப்து மாநாட்டில் கிடைத்தது. 2023 ஒக்டோபர் 28இல் ஹக் டாக்காவில் வபாத்தானார். முப்பத்து மூன்று நாட்களின் பின், நவம்பர் 30இல், டுபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே நிதியம் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு இராச்சியமும் ஜேர்மனியும் தலா 10 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. வரலாற்றில் ஆகக்கூடுதலாகக் காபன் வெளியிட்ட அமெரிக்கா வாக்களித்தது 1 கோடி 75 இலட்சம் டொலர்.